வெள்ளை ஓக் தரை: போடுவதற்கு முன்னும் பின்னும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கம் மரத்தரை போடுவது என் தொழில். வீடு வாங்கிய கையோடு கார்ப்பெட்டைப் பிடுங்கிவிட்டு ஓக் போட நினைக்கும் நம்மவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். போனில் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"வெள்ளை ஓக்னா வெள்ளையாவா இருக்கும்?"

இருக்காது. வறுத்த கோதுமை ரவை நிறத்தில், கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் சிவப்பு ஓக்கை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அதில் இளஞ்சிவப்புச் சாயல் அடிக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் குவெர்கஸ் ஆல்பா என்ற மரம்தான் அசல் வெள்ளை ஓக். ஆனால் மரக்கடையில் அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் சிலரும் இதே பெயரில்தான் வருவார்கள். 'பிரெஞ்சு ஓக்', 'ஐரோப்பிய ஓக்' என்று விற்பதும் இதே வெள்ளை ஓக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

"சிவப்பு ஓக் விலை குறைவா இருக்கே, எதுக்கு இதை வாங்கணும்?"

முதல் காரணம் நிறம். இன்றைக்கு எல்லோரும் கேட்கும் அந்த வெளிர் நிறத்தைச் சிவப்பு ஓக்கில் கொண்டுவருவது கஷ்டம். எந்தச் சாயம் பூசினாலும் அடியில் இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது காரணத்தை நான் ஒரு வேடிக்கையாகச் செய்து காட்டுவதுண்டு. நாலு அங்குல நீளச் சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீர் டம்ளரில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் தண்ணீரில் குமிழி வரும். அதன் துளைகள் ஸ்ட்ரா மாதிரி திறந்தே கிடக்கின்றன. வெள்ளை ஓக்கில் எவ்வளவு ஊதினாலும் கன்னம்தான் வலிக்கும். அதன் துளைகளை டைலோஸ் என்ற அடைப்பு மூடியிருக்கிறது. விஸ்கி, ஒயின் பீப்பாய்களை வெள்ளை ஓக்கில் செய்வது இதனால்தான். தரையில் தண்ணீர் சிந்தினால் உள்ளே இறங்க நேரமாகும். இறங்கவே இறங்காது என்று சொல்லவில்லை.

"நம்ம ஊர்த் தேக்கை விட ஸ்ட்ராங்கா?"

கடினத்தில், ஆமாம். சிறிய எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜான்கா அளவில் (பவுண்டு கணக்கில்) வெள்ளை ஓக் 1,360, சிவப்பு ஓக் 1,290, தேக்கு சுமார் 1,070. ஆனால் தேக்குக்கு எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீரைக் கண்டு அவ்வளவாக அசையாது. ஓக்குக்கு அந்த வரம் இல்லை. அப்புறம், 1,360 என்றாலும் அம்மிக் குழவி கைதவறினால் பள்ளம் விழத்தான் செய்யும்.

"சாலிட் வாங்கணுமா, என்ஜினியர்டா? என்ஜினியர்ட்னா டூப்ளிகேட்தானே?"

டூப்ளிகேட் இல்லை. சாலிட் என்பது முழுக்க ஒரே மரத்தில் அறுத்த பலகை. லாமினேட் என்பதில்தான் மேலே இருப்பது மரத்தின் படம். என்ஜினியர்டில் மேலே இருப்பது அசல் ஓக். அடியில் ப்ளைவுட் அடுக்குகள். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் சாலிட் பலகை அளவுக்கு அகலத்தில் விரிந்து சுருங்காது.

"சாலிட்னா பேரப்பிள்ளை காலம் வரை தேய்த்துப் புதுப்பிக்கலாம்" என்பார்கள். முக்கால் அங்குல சாலிட் பலகையை நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போகும். நாக்குக்கு மேலே இருக்கும் மரத்தைத்தான் தேய்க்க முடியும். அது கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். அதற்குக் கீழே உள்ளது தேய்ப்புக்கு உதவாது. ஆகவே மேல் ஓக் அடுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் உள்ள என்ஜினியர்ட், ஆயுளில் சாலிட்டுக்கு வெகு பக்கத்தில் நிற்கும். மேல் அடுக்கு 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ளதுதான் ஏமாற்று. கடையில் பளபளப்பைப் பார்க்காதீர்கள், 'மேல் அடுக்கு எத்தனை மில்லிமீட்டர்?' என்று கேளுங்கள்.

"அகலப் பலகைதான் அழகா இருக்கு. 7 அங்குலம் சாலிட்லயே போடலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் மெனக்கெட்டுப் பதில் சொல்வேன். தரையில் வரும் புகார்களில் பெரும்பாதி இங்கேதான் பிறக்கிறது.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றுக்கே திருப்பியும் கொடுக்கும். இழுத்தால் அகலத்தில் பெருக்கும், கொடுத்தால் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இங்கே ஜனவரியில் வெளிக்காற்று மைனஸ் பத்துக்குப் போய்விடும். அந்தக் குளிரில் காற்றுக்குள் ஈரமே தங்காது. அதே காற்றை ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) 21 டிகிரிக்குச் சூடாக்கினால் வீடு அப்பளம் காய வைக்கும் வெயில் மாதிரி வறண்டுவிடும். ஒன்றும் செய்யாவிட்டால் உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும். ஜூலையில் அதுவே 60 ஆகும்.

கணக்கைப் பாருங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் ஓக் பலகைக்குள் இருக்கும் ஈரம் ஏறத்தாழ 6-க்கும் 9-க்கும் இடையே ஆடும். அதாவது 3 சதவீத ஆட்டம். இந்த ஆட்டத்துக்குச் சாதாரண அறுப்பில் வந்த 2¼ அங்குலப் பலகை 0.6 மில்லிமீட்டர் நகரும். 5 அங்குலப் பலகை 1.4, 7 அங்குலப் பலகை 2 மில்லிமீட்டர் கிட்ட. ஒரு கிரெடிட் கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குறுகிய பலகைகளுக்கு நடுவே ஒரு கார்டு நுழையாது. 7 அங்குலத்தில் இரண்டு கார்டு சேர்ந்து போகும். ஈரப்பதத்தைக் கண்டுகொள்ளாத வீட்டில் இதுவே இரண்டு மடங்குக்கும் மேல். அகலம் வேண்டுமென்றால் என்ஜினியர்டில் வாங்குங்கள். சாலிட்தான் வேண்டும் என்றால் என் கணக்கில் 3¼ அங்குலம் நல்ல இடம், 5 கடைசி எல்லை.

"சேல்ஸ்மேன் ரிஃப்ட், குவார்ட்டர்னு ஏதோ சொன்னார், ஒண்ணும் புரியல."

அது மரத்தை அறுக்கும் விதம். முள்ளங்கியை நீளவாட்டில் வரிசையாகச் சீவுவது போல் அறுத்தால் சாதாரண அறுப்பு. பலகையில் மலைமலையாகக் கோலம் வரும். அடிமரத்தை முதலில் நாலாகப் பிளந்து, ஆண்டு வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் குவார்ட்டர். வெள்ளை ஓக்கை இப்படி அறுத்தால் வெள்ளிக் கீற்றுகள் எடுப்பாக மின்னும், சிலருக்குப் பிடிக்கும், சிலர் "புலி மாதிரி இருக்கு" என்று வேண்டாம் என்பார்கள். வளையங்கள் சாய்வாக நிற்க அறுப்பது ரிஃப்ட், நேர்கோடாக அமைதியாக இருக்கும்.

அழகை விடுங்கள். குவார்ட்டரில் அகல ஆட்டம் மேலே சொன்ன கணக்கில் பாதிதான். மரம் அதிகம் வீணாவதால் விலை கூடுதல். பணம் இருந்து, சாலிட்டில் அகலப் பலகையும் வேண்டும் என்பவருக்கு இதுதான் வழி.

"செலக்ட் கிரேட் வாங்கினா ரொம்ப நாள் உழைக்குமா?"

கிரேட் என்பது முகம், உடம்பு இல்லை. கிளியர், செலக்ட், நம்பர் 1 காமன், நம்பர் 2 காமன் என்று போகும். கீழே போகப்போக முடிச்சு, நிற வேறுபாடு, கோடுகள் கூடும், பலகை நீளம் குறையும். கடினம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நம்பர் 1 காமன்தான் நான் சொல்வது. ஏற்கெனவே முடிச்சும் கோடுமாக இருப்பதில் புதுக் கீறல் தொலைந்துபோகும்.

"எத்தனை சதுர அடி வாங்கணும்?"

அறை 12-க்கு 15 அடி என்றால் 180. பத்து சதவீதம் கூட்டினால் 198. பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் 10 பெட்டி. மீன்முள் வடிவம் என்றால் 15 சதவீதம் கூட்டுங்கள். வேலை முடிந்து மிச்சமாகும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து நாலு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

"பெட்டியை எத்தனை நாள் வீட்டுக்குள்ள வச்சிருக்கணும்? மூணு நாள் போதும்னாங்களே?"

நாள் கணக்கு வேண்டாம், மீட்டர் கணக்கு வேண்டும். பலகையின் ஈரத்தையும் அடித்தரை ப்ளைவுட்டின் ஈரத்தையும் ஈரமானி வைத்து அளக்க வேண்டும். 3 அங்குலத்துக்கும் குறைந்த பலகை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதத்துக்குள், 3 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். சாலிட் என்றால் பெட்டியைத் திறந்து காற்றுப் படும்படி அடுக்குங்கள். என்ஜினியர்டுக்குச் சில கம்பெனிகள் திறக்கவே கூடாது என்கின்றன, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். ஃபர்னஸ் ஓடாத வீட்டில், ட்ரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) பூச்சு காயாத வீட்டில், கராஜில் அடுக்கி வைத்துவிட்டு "பத்து நாள் வச்சாச்சு" என்றால் அது கணக்கில் வராது. தொழிலுக்கு வந்த புதிதில் அப்படிப்பட்ட வீட்டில் அவசரப்பட்டு நானே போட்டேன். பூச்சு காய்ந்த ஈரம் முழுவதும் பலகைக்குள் போய், குளிர்காலத்தில் அத்தனையும் சுருங்கியது. கூலி வாங்காமல் பிடுங்கித் திரும்பப் போட்டேன்.

"கார்ப்பெட்டை எடுத்துட்டோம், அடியில ப்ளைவுட் இருக்கு. நேரா மேல போட்டுடலாமா?"

முதலில் அதன் மேல் நடந்து பாருங்கள். கிறீச்சிடும் இடத்தில் சாக்பீஸில் வட்டம் போட்டு, அங்கங்கே ஸ்க்ரூ இறக்கிவிடுங்கள். பலகை போட்ட பிறகு அந்தச் சத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. அடுத்தது சமதளம்: 10 அடி நீள மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3/16 அங்குலத்துக்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. மேட்டைத் தேய்க்கணும், பள்ளத்தை நிரப்பணும். வேலையில் அலுப்பான பகுதி இதுதான், ஆகவே இதைத்தான் பலர் தாண்டிவிடுவார்கள்.

பலகைகள் அடியில் உள்ள ஜாய்ஸ்ட் உத்தரங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தின் போக்கில் போட்டால் அழகு என்பார்கள், உண்மைதான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உத்தரம் சொல்வதைக் கேளுங்கள், அல்லது இன்னொரு அடுக்கு ப்ளைவுட்டுக்குச் செலவழியுங்கள்.

"சுவர் ஓரமா முக்கால் அங்குலம் விட்டுட்டீங்களே, மரம் பத்தலையா?"

பத்தாமல் இல்லை, வேண்டுமென்றே விட்டது. 7 அங்குலக் கேள்வியில் சொன்ன ஆட்டம் ஒவ்வொரு பலகையிலும் உண்டு. கோடையில் அத்தனையும் சேர்ந்து தள்ளும்போது போக இடம் வேண்டும். சுவரில் முட்டினால் தரை நடுவில் கூடாரம் போலத் தூக்கும். சுவரடியில் அடிக்கும் பேஸ்போர்டுப் பட்டை வந்ததும் இடைவெளி கண்ணில் படாது. கிச்சன் தீவு மேசையைத் தரைக்கு மேல் வைத்துத் திருகுவதும் இதே தப்புதான், மரத்தை ஆணி அடித்துக் கட்டிப்போட்ட மாதிரி.

"பேஸ்மென்ட்லயும் இதே போடலாமா? தங்கச்சி கொண்டோவுக்கும் கேட்டாள்."

பேஸ்மென்ட்டில் சாலிட் கூடவே கூடாது. மண்ணுக்குக் கீழே உள்ள கான்கிரீட் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். என்ஜினியர்ட் போடலாம், அதுவும் கான்கிரீட்டில் துளையிட்டு உள்ளீரத்தை அளந்து, அந்தப் பலகைக்குக் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருந்தால். ஒரு முறையாவது வெள்ளம் புகுந்த பேஸ்மென்ட் என்றால் டைல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டில் கான்கிரீட் மேல் ஆணி அடிக்க முடியாது. ஒட்டவேண்டும் அல்லது மிதக்கவிட வேண்டும், அதாவது அடித்தரையோடு பிணைக்காமல் பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் பூட்டிவிட வேண்டும். அதைவிட முக்கியம், கீழ் வீட்டுக்குச் சத்தம் போகாதபடி அடிவிரிப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று பல கட்டடங்களில் விதி இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பெட்டிகூட லிஃப்டில் ஏற்றாதீர்கள்.

"கடையில பார்த்த வெளிர் நிறம் வீட்ல வரலியே, மஞ்சளா ஆயிடுச்சே?"

ஃபினிஷ் பார்த்த வேலை. எண்ணெய் கலந்த பாலியூரிதேன் பூசும்போதே தேன் நிறம் தரும், வருடம் போகப்போக இன்னும் மஞ்சளாகும். தண்ணீர் அடிப்படையிலான பூச்சு நிறத்தை அவ்வளவாக மாற்றாது. வெள்ளை ஓக்கின் வெளிர் முகத்துக்காகத்தான் இவ்வளவு செலவு என்றால் தண்ணீர் அடிப்படைதான் சரி. தேய்த்த பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், அந்த நிமிடம் தெரிவதுதான் சாதாரண தெளிபூச்சுக்குப் பிறகு வரப்போகும் நிறம், ஏறக்குறைய.

ஹார்ட்வேக்ஸ் எண்ணெய் என்று மூன்றாவது ஒன்று உண்டு. தொட்டால் மரத்தையே தொட்ட மாதிரி இருக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் அவ்வப்போது எண்ணெய் காட்டிப் பராமரிக்க வேண்டும், கறையும் சீக்கிரம் பிடிக்கும். பராமரிப்புக்கு ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் சொல்வேன்.

"தம்பி, நிலத்தைத் தண்ணி விட்டுக் கழுவ ஏலுமோ?"

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்டது. ஏலாது அம்மா. வாளித் தண்ணீரும் வேண்டாம், நீராவி மாப்பும் வேண்டாம். பூச்சு மேலே மட்டும்தான். பலகைகள் சேரும் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். தூசியை இழுத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். துடைத்த ஈரம் ஒரு நிமிடத்தில் காயாவிட்டால் துணியில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

பனிக்காலத்தில் பூட்ஸோடு வரும் உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். வாசலில் மட்டும் நாலடிக்கு டைல் போட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நம் பழக்கம் மரத்தரைக்கென்றே வந்த மாதிரி.

"கிச்சன்ல போடலாமா? நம்ம சமையலுக்குத் தாங்குமா?"

தாங்கும், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். மஞ்சள் கறையைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். அது பாலியூரிதேன் பூச்சின் மேல் பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். லேசாக மிஞ்சியது வெயில் படும் இடமென்றால் தானே வெளுக்கும்.

பயப்பட வேண்டியது இரும்புக்கு. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. ஈரமும் இரும்பும் டானினும் சேர்ந்தால் மை மாதிரி கறுப்பாகும். ஒரு வீட்டில் கழுவிய இரும்புத் தோசைக்கல்லைச் சிங்க் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், இரவு முழுக்க. பூச்சு தேய்ந்திருந்த இடம் அது. காலையில் கல்லின் விளிம்பு அப்படியே கறுப்புப் பிறையாகத் தரையில் பதிந்திருந்தது. பூச்சைச் சுரண்டி ஆக்ஸாலிக் அமிலம் தடவி வெளுக்க வைத்தேன், முழுதாகப் போகவில்லை. செடித்தொட்டிக்கு அடியில் இரும்புத் தட்டு வைத்தாலும் இதே கதை.

பூஜை இடத்தில் குத்துவிளக்கின் அடியில் பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். உலர்ந்த மாவில் கோலம் போடலாம், இழைக்கோலம் வேண்டாம். அரிசி மாவுத் தண்ணீர் இடுக்கில் இறங்கி வெள்ளைக் கோடாக நின்றுவிடும். வேண்டுமென்றால் மரப்பலகையில் போட்டு வையுங்கள்.

"ஜனவரில பலகைக்கு நடுவுல இடைவெளி விழுந்திருக்கு. ஏதாவது வச்சு அடைச்சிடலாமா?"

அடைக்காதீர்கள். கோடையில் பலகை பெருக்கும்போது அடைத்ததைப் பிதுக்கித் தள்ளிவிடும். வீட்டில் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. 30-க்குக் கீழே காட்டினால் ஃபர்னஸோடு இணைந்த, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயரைப் பாருங்கள், பாதி வீடுகளில் அது அணைத்தே கிடக்கும். ஆனால் ரொம்பவும் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், 30, 35-இல் நிறுத்துங்கள். மே, ஜூனிலும் இடைவெளி மூடாவிட்டால் அப்போது கூப்பிடுங்கள்.

"பலகை ஓரம் ரெண்டும் தூக்கி, நடுவுல குழி மாதிரி இருக்கு. தேய்ச்சு சமமாக்கிடலாம்ல?"

உடனே தேய்த்தால் இரண்டாவது தப்பு. ஓரம் தூக்குகிறது என்றால் பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது. பாத்திரம் கழுவும் மெஷின் கசிவு, வீட்டுக்கு அடியில் உள்ள தாழ்வான க்ரால் ஸ்பேஸ் வெளியின் ஈரம், காயாத கான்கிரீட் என்று ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, தரை தானாகக் காயும்வரை பொறுங்கள். மாதக்கணக்கில்கூட ஆகும். பல தரைகள் தாமாகவே படிந்துவிடும். ஈரத்தோடு தேய்த்துச் சமமாக்கினால் காய்ந்தபின் ஓரங்கள் கீழே போய் நடுவில் முதுகு கிளம்பும்.

"யூட்யூப் பார்த்து நானே போட்டுக்கலாமா?"

கிளிக் முறையில் மிதக்கும் என்ஜினியர்டை, நேரான ஒரு படுக்கையறையில், தாராளமாகப் போடலாம். ஆணி அடிக்கும் சாலிட் என்றால் நெய்லரும் (ஆணித் துப்பாக்கி) அதற்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸரும் வாடகைக்குக் கிடைக்கும். ஆணிகளுக்கு நடுவே 6 முதல் 8 அங்குலம், அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் குறைந்தது 6 அங்குலம் தள்ளி. இதுவரை கைக்குள் வரும். முதல் வரிசை நேராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. படிக்கட்டையும், பூச்சடிக்காத தரையை மெஷினால் தேய்ப்பதையும் மட்டும் விட்டுவிடுங்கள். அந்த டிரம் மெஷினை ஒரு விநாடி ஓரிடத்தில் நிறுத்தினால் போதும், தரையில் அலை விழுந்துவிடும்.

"ஊர்ல அப்பா வீட்டுக்கும் இதையே அனுப்பலாமா? சென்னையில பெசன்ட் நகர்."

வேண்டாம். இங்கே விற்கும் பலகை 6 முதல் 9 சதவீத ஈரத்துக்கு உலர்த்தப்பட்டது. கடற்கரை ஓரத்து ஈரக்காற்றில் அது 12, 13-க்குப் போகப் பார்க்கும். அறை முழுக்க ஏசி எந்நேரமும் ஓடினால் வேறு விஷயம். அப்பாவோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பவர் என்றீர்கள். கரையானும் ஓக்கை மரியாதையாக விட்டுவைக்காது. அம்மா தினமும் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள் என்றும் சொன்னீர்கள். அந்த வீட்டில் இப்போது இருக்கும் மொசைக்கை ஒரு பாலிஷ் போட்டுக் கொடுங்கள், அதற்கான ஆட்கள் அங்கேயே கிடைப்பார்கள்.